முதல்வர் ஊரில் இல்லாத வாரம்

சனிக்கிழமை, நாகர்கோவில்

பெட்டி கட்ட அரை மணி நேரம் போதும். பொறுப்பை ஒப்படைக்க இரண்டு வாரம் பிடிக்கும். வெளிநாட்டுக்குக் கல்விப் பயணம் கிளம்பும் கல்லூரிக் குழுக்கள் பெட்டியைக் கவனமாகக் கட்டிவிட்டு, பொறுப்பை ஏர்போர்ட் போகும் வழியில் போனில் ஒப்படைக்கப் பார்க்கும்.

நாளை கிளம்பும் நம் கல்லூரிக் குழு சிங்கப்பூரில் பார்க்கப் போவது குழுக்களை நடத்தும் விதத்தையும் கல்லூரி நிர்வாகத்தையும். குழுவில் ஐந்து பேர்: கல்லூரி முதல்வர், ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளர், இரண்டு துறைத் தலைவர்கள், அலுவலகக் கண்காணிப்பாளர். கடைசியில் சொன்னவரை இதுபோன்ற பயணங்களில் யாரும் சேர்ப்பதில்லை. எந்தக் கோப்பு எந்த மேசையில் எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், அதனால் ஒரு பேராசிரியர் இடத்தைக் குறைத்தாவது அவரைக் கூட்டிப் போக வேண்டும்.

ஏன் ஜூலை? மே விடுமுறைதான் தோது என்று தோன்றும். ஆனால் மேயில் பிளஸ் டூ முடிவு வந்துவிடும், சேர்க்கை விண்ணப்பம் குவியும், அலுவலகத்திலிருந்து ஆளை எடுக்க முடியாது. ஜூனில் அங்கே பலதுறைத் தொழிற்கல்லூரிகளுக்கு (பாலிடெக்னிக்குக்கு சிங்கப்பூர்த் தமிழில் இதுதான் பெயர்) இடைவிடுமுறை. செப்டம்பரிலும் விடுமுறை. காலி வகுப்பறையையும் பவர்பாயின்ட்டையும் பார்க்க இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஜூலை நடுவில் இரண்டு ஊரிலும் வகுப்பு நடக்கிறது.

தாள்கள்: பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாத ஆயுள். விசாவை அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் வழியாக எடுக்க வேண்டும். போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை. நிர்வாகக் குழுவின் தீர்மானமும், உதவிபெறும் கல்லூரி என்றால் கல்லூரிக் கல்வித் துறையின் அனுமதியும் விசாவுக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். பார்க்கப் போகும் நிறுவனத்துக்கு எட்டு வாரம் முன்பே எழுதிவிடுங்கள். "உங்கள் கல்லூரியைப் பார்க்க விரும்புகிறோம்" என்று எழுதினால் சுற்றிக்காட்டி அனுப்புவார்கள். "ஒரு பாடத்திட்டம் மாற எத்தனை கையெழுத்து வேண்டும்? ஒரு மாணவர் புகார் கொடுத்தால் மூன்றாம் நாள் அது யாரிடம் இருக்கும்?" என்பது போல் எட்டுப் பத்துக் கேள்விகளை எழுதி அனுப்பினால் அந்த வேலை பார்ப்பவரையே உட்கார வைப்பார்கள்.

ஒப்படைப்புக்கு வருவோம். "பொறுப்பு முதல்வர் இன்னார்" என்ற ஒற்றை வரிச் சுற்றறிக்கை போதாது. காசோலையில் கையெழுத்து மாற வேண்டுமானால் வங்கிக்குத் தீர்மான நகலும் மாதிரிக் கையெழுத்தும் போக வேண்டும், முந்தைய நாள் கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். சம்பளப் பட்டியல் எந்தத் தேதிக்குள் கருவூலம் போக வேண்டும், மாற்றுச் சான்றிதழிலும் போனபைடிலும் (இங்கே படிக்கிறார் என்ற சான்று) யார் கையெழுத்து, உதவித்தொகைச் சரிபார்ப்புக்கான உள்நுழைவு யாரிடம் என்று ஒவ்வொன்றும் தனி வரியாக இருக்க வேண்டும். ராகிங் புகாரை மறந்துவிடக் கூடாது. யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2009 விதிகளின்படி, தண்டனைச் சட்டத்தின்கீழ் வரும் குற்றம் என்றால் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் கல்லூரித் தலைவர் காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். "சார் வந்த பிறகு பார்க்கலாம்" என்று பொறுப்பு முதல்வர் காத்திருக்க முடியாது. அந்த அதிகாரம் அவருக்கு உண்டு என்று எழுத்தில் இருக்கட்டும்.

நம் மாவட்டத்துக்கென்று ஒரு வரி தனியாக உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இங்கே கொட்டும். மழை விடுமுறையைக் கலெக்டர் அறிவித்துவிடுவார். குலசேகரம் ரூட்டுக்கும் தூத்தூர் ரூட்டுக்கும் விடிகாலையில் வண்டி எடுக்கும் டிரைவர்களுக்கு அதை யார் சொல்வது? பல கல்லூரிகளில் இன்றுவரை விடை "முதல்வர்" என்பதுதான். அதை இன்று போக்குவரத்துப் பொறுப்பாளர் பெயருக்கு மாற்றியாகிவிட்டது.

கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு. ஊரிலிருந்து முதல்வருக்கு வரும் ஒவ்வொரு அழைப்பையும் அதில் எழுத வேண்டும். மூன்றே கலம்: யார் கூப்பிட்டார், எதற்கு, இதை முடிவு செய்திருக்க வேண்டியவர் யார். மூன்றாவது கலத்தை அன்றிரவு குழுவாக உட்கார்ந்து நிரப்புவோம்.

ஞாயிற்றுக்கிழமை, திருவனந்தபுரம் வழி

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர் ஊராக ஒட்டிப் போகும் சாலை, அதுவும் மழை. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். மதுரைக்கோ சென்னைக்கோ போய் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். சிங்கப்பூருக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நாலரை மணி நேரம்.

நினைவுப் பரிசு பற்றி ஒரு வார்த்தை. பொன்னாடையும் ஆளுயரக் குத்துவிளக்கும் வேண்டாம். அங்கே அரசு சார்ந்த நிறுவனங்களின் ஊழியர்கள் வாங்கும் பரிசைக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கும், விலை உயர்ந்ததைக் கொடுத்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். முந்திரிக்கொத்து, ஏத்தங்காய் சிப்ஸ் போதும். சூயிங் கம் எடுத்துப் போகக் கூடாது. பிளக் மூன்று சதுர முள், அடாப்டர் ஐந்து பேருக்கும் தனித்தனியாக வேண்டும்.

திங்கட்கிழமை, சிங்கப்பூர்

இறங்கிய நாளில் எந்தச் சந்திப்பும் வைக்காதீர்கள். தூங்கி எழுங்கள்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி. நாகர்கோவிலில் காலை ஒன்பதரைக்கு மணி அடிக்கும்போது இங்கே நண்பகல் பன்னிரண்டு. அதாவது முற்பகல் முழுக்க ஊரிலிருந்து யாரும் கூப்பிட மாட்டார்கள். முக்கியமான சந்திப்புகளையெல்லாம் காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வைத்துக்கொள்வது நல்லது. பன்னிரண்டு அடித்ததும் போன் அடிக்கத் தொடங்கியது. முதல் அழைப்பு: "சார், கெமிஸ்ட்ரி லேபுக்கு ப்யூரெட் வாங்கணும், கடைக்காரர் வந்து நிக்கிறார்." இரண்டாவது: "சார், சனிக்கிழமை ஆடிட்டோரியத்தைப் பழைய மாணவர் சங்கத்துக்குக் குடுக்கலாமா?" மூன்றாவது அழைப்பில் ஒரு மாணவியின் போனபைடு. அதற்குப் பொறுப்பு முதல்வர் பெயர் சுற்றறிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. இருந்தும் கேட்கிறார்கள்.

சாயங்காலம் தேக்கா உணவங்காடி நிலையம். சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது இங்கே 2021 செப்டம்பர் முதல் கட்டாயம். தட்டு வைக்கும் அடுக்கு மேசைகளுக்கு அருகிலேயே, போகிற வழியில் நிற்கிறது. ஹலால் தட்டுக்குத் தனி அடுக்கு. நம் கல்லூரி கேன்டீன்களில் "தட்டைக் கழுவுமிடத்தில் வைக்கவும்" என்று போர்டு இருக்கும், கழுவுமிடம் சமையற்கட்டுக்குப் பின்னால் இருக்கும். சொன்னதைச் செய்ய எத்தனை அடி நடக்க வேண்டும் என்று விதி எழுதுபவர் ஒரு தடவை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, ஊட்லண்ட்ஸ்

இந்தப் பயணத்தில் ஒரு நாள்தான் பார்க்க முடியும் என்றால் இன்றைய நாளைப் பாருங்கள்.

ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரி 2002இல் தொடங்கியது. 'ஒரு நாள், ஒரு சிக்கல்' என்ற முறையால் பெயர் வாங்கியது. அதன் மூல வடிவம் இதுதான்: வகுப்பில் ஏறக்குறைய 25 பேர், ஐந்து ஐந்து பேராக ஐந்து குழு. காலையில் ஒரு சிக்கலைக் கொடுப்பார்கள். குழு ஒரு தாளில் மூன்று பத்தி நிரப்பும்: நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, எதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு தேடல். நடுவில் ஆசிரியர் வந்து கேள்வி கேட்பார், விடை சொல்ல மாட்டார். பிற்பகலில் ஒவ்வொரு குழுவும் தன் தீர்வை முன்வைக்கும். அன்றைக்கே ஒவ்வொரு மாணவரும் ஒரு குறிப்பு எழுத வேண்டும், அன்றைய மதிப்பீடும் உண்டு. இப்போது எல்லாப் பாடமும் இதே அச்சில் நடப்பதில்லை, ஆனாலும் எலும்புக்கூடு இதுதான்.

ஏன் ஐந்து பேர்? ஐந்து பேருக்குள் பத்து இணைப்புதான், யாரும் யாரோடும் பேசிவிடலாம். பதினைந்து பேர் என்றால் 105 இணைப்பு. நம் கல்லூரிகளில் கலைவிழாக் கமிட்டி, ஒழுங்குக் கமிட்டி, நாக் (தேசியத் தர மதிப்பீடு) கமிட்டி எல்லாம் பதினைந்து பதினெட்டுப் பேரோடு தொடங்கி மூன்று பேர் வேலை செய்து முடிவது சோம்பேறித்தனத்தால் மட்டும் இல்லை. கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் போடும் பலம் குறைகிறது என்பதை ரிங்கல்மன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்கவைத்தே அளந்து 1913இல் எழுதிவிட்டார். கமிட்டியில் பெயர் சேர்ப்பதை மரியாதை செய்வதாக நினைக்கும்வரை இது தீராது. மரியாதைக்கு ஆலோசனைக் குழு என்று ஒன்று தனியாக வைத்துக்கொள்ளலாம், வேலைக்கு ஐந்து பேர் போதும்.

இதை நாகர்கோவிலுக்கு எப்படிக் கொண்டுபோவது? நம் வகுப்பில் 60 பேர், அசைக்க முடியாத டெஸ்க், 50 நிமிடப் பீரியடு. முழுசாகப் பெயர்த்து நட முடியாது. ஒரே ஒரு தாள், பருவத்துக்கு நான்கு தடவை, மூன்று பீரியடு சேர்ந்து கிடைக்கும் பிற்பகல் போதும். 60 பேருக்குப் பன்னிரண்டு குழு. எல்லாக் குழுவும் பேச நேரம் இருக்காது, சீட்டுப் போட்டு மூன்று குழுவை அழைக்க வேண்டும். குழுவுக்குள் யார் பேசுவது என்பதற்கும் சீட்டுதான், இல்லாவிட்டால் வகுப்பில் நன்றாகப் படிக்கும் ஒரு பெண் எல்லாவற்றையும் எழுதிப் பேசியும் முடித்துவிடுவாள்.

சிக்கலை எழுதுவதுதான் கடினம். பி.காம். வகுப்புக்கு ஒரு மாதிரி:

"திருவோணத்துக்கு மறுநாள் காலை தோவாளைச் சந்தையில் ஒரு வியாபாரியிடம் 200 கிலோ கிரேந்திப் பூ மிச்சம் இருக்கிறது. கிலோ 60 ரூபாய்க்கு வாங்கியது. ஒருவர் கிலோ 15 ரூபாய்க்கு மொத்தமாகக் கேட்கிறார். கொடுக்கலாமா?"

(விலை பயிற்சிக்காகப் போட்டது.) முதல் பத்தியில் மாணவர்கள் "45 ரூபாய் நட்டம்" என்று எழுதுவார்கள். இரண்டாவது பத்தியில் நாளைக்கு என்ன விலை போகும், திருவனந்தபுரத்துக்கு வண்டி வாடகை என்ன, பூ எத்தனை மணி நேரம் தாங்கும் என்று வரும். மூன்றாவது பத்தியில்தான் ஆசிரியர் காத்திருக்கும் இடம் இருக்கிறது: வாங்கிய 60 ரூபாய்க்கும் இன்றைய முடிவுக்கும் சம்பந்தமே இல்லை, 15 ரூபாயை விட்டால் வேறு என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான் கேள்வி. மூழ்கிய செலவு என்ற பாடம் அது. கரும்பலகையில் எழுதினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், மறுநாள் மறந்தும் போகும்.

சறுக்கும் இடங்கள்: சிக்கல் அகலமாக இருந்தால் ("தோவாளைப் பூச்சந்தையை மேம்படுத்துவது எப்படி?") கட்டுரைதான் வரும். குறுகலாக இருந்தால் கூகுளில் விடை இருக்கும். எல்லாவற்றையும்விட ஆசிரியர்தான் கவனிக்க வேண்டியவர். குழு அமைதியாக உட்கார்ந்திருந்தால் பத்தாவது நிமிடத்தில் நம்மால் பொறுக்க முடியாது, சாக்பீஸை எடுத்துவிடுவோம். இரண்டு ஆசிரியர் சேர்ந்து நடத்தி, ஒருவர் பேசும்போது மற்றவர் நிமிடக் கணக்கு எழுதினால் அந்தப் பழக்கம் தெரிய வரும்.

முதல்வர் துறைக் கூட்டத்தை நடத்தவும் இதே மூன்று பத்தித் தாள் போதும். தேர்ச்சி விகிதம் ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு, காரணத்தையும் அவரே சொல்லும் கூட்டங்கள் நமக்குப் பழக்கம்தானே.

இன்றைய நோட்டில்: பேருந்து இரண்டின் பிரேக் லைனிங், ஒரு விருந்தினர் உரைக்குத் தேதி, மறுபடியும் ப்யூரெட்.

புதன்கிழமை, ஆங் மோ கியோ

தொழில்நுட்பக் கல்விக் கழகம், அதாவது ஐ.டி.இ., 1992இல் அமைந்தது. பள்ளி முடித்துத் தொழிற்பயிற்சிக்கு வருபவர்களுக்கானது, நம் ஐ.டி.ஐ.க்கு நெருக்கம். பார்க்க வேண்டியது அதன் நிர்வாக அமைப்பை. 'ஒரே கழகம், மூன்று கல்லூரிகள்' என்பது அதன் பெயர். 2005இல் சிமேயில் கிழக்குக் கல்லூரி, 2010இல் சுவா சூ காங்கில் மேற்குக் கல்லூரி, 2013இல் இங்கே மத்தியக் கல்லூரி. பாடத்திட்டத் தரமும் கொள்கையும் தலைமையகத்தில். ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி முதல்வர், தனக்கென்று சில சிறப்புத் துறைகள்.

குமரி மாவட்டத்தில் இதைக் கூர்ந்து பார்க்க ஒரு காரணம் இருக்கிறது. ஒரே டிரஸ்ட் கலைக் கல்லூரி, பொறியியல், பாலிடெக்னிக், பி.எட்., நர்சிங் என்று ஒரே சுற்றுச்சுவருக்குள் நடத்துவது இங்கே சாதாரணம். ஐந்து நிறுவனம், ஐந்து கட்டணக் கவுன்டர், ஐந்து பஸ் பட்டியல். இல்லாவிட்டால் மறுகோடி: கரஸ்பாண்டன்ட் அறையிலிருந்து எல்லாம் வர வேண்டும், சாக்பீஸ் உட்பட.

எதைச் சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்பதற்குக் குழு இன்று வரைந்த கோடு இது. போக்குவரத்து, சம்பளப் பட்டியல், மென்பொருள், பெரிய கொள்முதல், மின்சாரமும் ஜெனரேட்டரும் பொது. ஒரே ரூட்டில் பொறியியல் பஸ் பாதி காலியாகவும் நர்சிங் பஸ் நிற்க இடமில்லாமலும் ஓடுவது அப்போதுதான் நிற்கும். கால அட்டவணை, அக மதிப்பெண், மாணவர் ஒழுங்கு, ஆய்வகச் சில்லறைப் பொருள் அந்தந்தக் கல்லூரிக்கு. கடைசியில் சொன்னதில்தான் தவறு அதிகம். ப்யூரெட் உடைந்தால் மையக் கொள்முதல் பிரிவுக்குக் கோரிக்கை போகும், மூன்று விலைப்புள்ளி வாங்குவார்கள், மூன்று வாரம் ஆகும். அதற்குள் டைட்ரேஷன் பரிசோதனை முடிந்திருக்கும், அல்லது நான்கு பேருக்கு ஒரு ப்யூரெட் என்று ஓட்டியிருப்பார்கள். மூன்று பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

அங்கீகாரமும் தேர்வும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு என்பதையும் மறக்க வேண்டாம். கலைக் கல்லூரி மனோன்மணியம் சுந்தரனாரிடம், பொறியியல் அண்ணா பல்கலைக்கழகத்திடம். தேர்வுப் பிரிவைப் பொதுவாக்கினால் இரண்டு நாட்காட்டியும் முட்டிக்கொள்ளும்.

இங்கே பயிற்சி முறைக்கு நான்கு படி: திட்டமிடு, ஆராய், பழகு, செய்து காட்டு. நல்ல வரிசைதான், ஆனால் இதற்கு இன்னும் விரிவாக எழுதத் தேவையில்லை. பயிற்சிக் கூடங்களில் வேலையிடத்தை அப்படியே கட்டி வைத்திருப்பதை வந்து பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழி பெருவிரைவு ரயில். உள்ளே தின்னக் கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, சிப்ஸ் பொட்டலத்தைப் பையிலேயே வையுங்கள்.

வியாழக்கிழமை, கட்டணக் கவுன்டர்

இன்று கல்லூரி எதையும் சுற்றவில்லை. தனியார் கல்வி நிறுவனங்களை இங்கே அரசு எப்படிக் கட்டுப்படுத்துகிறது என்ற பாடம். 2009இல் தனியார் கல்விச் சட்டம் வந்தது. எடுடிரஸ்ட் என்ற தரச் சான்று இருக்கிறது. மாணவர் கட்டும் கட்டணத்துக்குப் பாதுகாப்புத் திட்டம், அதாவது கல்லூரி மூடிவிட்டால் பணம் போய்விடாது. சேரும்போது மாணவரும் நிறுவனமும் கையெழுத்திடும் ஒப்பந்தம் அரசு வகுத்த ஒரே மாதிரிப் படிவம். கையெழுத்திட்டபின் ஏழு வேலை நாள் மனம் மாறும் அவகாசம் உண்டு.

நம்மிடம் விதி இல்லாமல் இல்லை. யு.ஜி.சி. 2018இல் அறிவித்த கட்டணத் திருப்பு விதி சேர்க்கையின் அறிவிக்கப்பட்ட கடைசித் தேதியை மையமாக வைக்கிறது. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பாக விலகினால் முழுத் தொகை, அதில் கல்லூரி பிடித்துக்கொள்ளக் கூடியது ஐந்து சதவீதம்வரை, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. 15 நாளுக்குள் ஆனால் கடைசித் தேதிக்கு முன் என்றால் 90 சதவீதம். கடைசித் தேதி தாண்டி 15 நாள்வரை 80. பதினாறிலிருந்து 30 நாள்வரை 50. அதற்கு மேல் ஒன்றுமில்லை. எழுத்துவழி விண்ணப்பம் வந்த 15 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது. இடையில் சில ஆண்டுகளுக்கு யு.ஜி.சி. தனி அறிவிப்பு வெளியிட்டு முழுத் தொகை திரும்பும் தேதியைத் தள்ளிப் போட்டிருக்கிறது, ஆகவே அந்தந்த ஆண்டு அறிவிப்பையும் கோப்பின் மேலேயே செருகி வைக்க வேண்டும்.

இது ஏன் நமக்கு முக்கியம்? ஜூலை ஆகஸ்டில் பொறியியல் கலந்தாய்வும் மருத்துவக் கலந்தாய்வும் நகர நகர, பி.எஸ்சி.யில் சேர்ந்த பிள்ளைகள் அங்கே போவார்கள். கவுன்டரில் ஒரு தாயும் மகனும் நிற்பார்கள். "மேடம், பையனுக்கு இன்ஜினியரிங் கெடச்சிருக்கு, கட்டின பைசா வருமா?" என்று கேட்பார்கள். எழுத்தருக்கு விதி தெரியாது, "முதல்வரைப் பாருங்க" என்பார். முதல்வர் அந்த வீட்டு நிலையைக் கேட்டு ஒரு தொகை சொல்வார். அடுத்த நாள் வேறு ஒருவருக்கு வேறு தொகை. மனம் இரங்கித்தான் செய்கிறார், ஆனாலும் புகார் அங்கேதான் பிறக்கும்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. விதியை விகிதத்தில் எழுதாமல், இந்த ஆண்டின் தேதியோடு ஒரு அட்டையில் எழுதிக் கவுன்டர் கண்ணாடியில் ஒட்டுங்கள். எடுத்துக்காட்டாகக் கட்டணம் 30,000 ரூபாய், கடைசித் தேதி தாண்டிப் பத்தாம் நாள் விண்ணப்பம் என்றால் திரும்புவது 24,000. எழுத்தரே கணக்குப் போட்டுத் தருவார், கண்காணிப்பாளர் சரிபார்ப்பார், கோப்பு முதல்வரிடம் போவது கையெழுத்துக்கு மட்டும். விண்ணப்பம் வாங்கிய தேதியை முத்திரையோடு இரண்டு பிரதியிலும் போட வேண்டும், 15 நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

மாலையில் நோட்டைத் திறந்தால் இன்றைய அழைப்புகளில் ஒன்று இதேதான்: கட்டணத் திருப்பு.

வெள்ளிக்கிழமை, டோவர், பிறகு சாங்கி

காலையில் சிங்கப்பூர் பலதுறைத் தொழிற்கல்லூரி, 1954இல் தொடங்கிய முதல் பாலிடெக்னிக். பொறியியல் பாடத்தைக் 'கருக்கொள், வடிவமை, செய், இயக்கு' என்ற சி.டி.ஐ.ஓ. சட்டகத்தில் அடுக்கியிருக்கிறார்கள். பொறியியல் கல்லூரிக்காரர்கள் ஒரு முழு நாள் ஒதுக்கலாம். கலைக் கல்லூரிக் குழுவுக்கு ஒரு முற்பகல் தாராளம்.

பிற்பகலில் விமான நிலையத்திலேயே மேசை பிடித்து மறுபார்வைக் கூட்டம். அமெரிக்க ராணுவத்திலிருந்து வந்த முறை, நான்கு கேள்வி: என்ன நடக்க வேண்டும் என்று நினைத்தோம், உண்மையில் என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த தடவை என்ன செய்வோம். பதவியில் இளையவர் முதலில் பேச வேண்டும், முதல்வர் கடைசியில். வரிசை மாறினால் முதல்வர் சொன்னதையே நான்கு பேரும் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

நோட்டை நடுவில் வைத்தோம். அழைப்புகள் மூன்று குவியலாகப் பிரிந்தன. முதல் குவியலில் அதிகாரம் எழுத்தில் ஏற்கெனவே ஒருவரிடம் இருந்தும் கேட்டவை, போனபைடு மாதிரி. இங்கே இன்னொரு சுற்றறிக்கையால் பயனில்லை. முன்பு எப்போதோ தானாக முடிவெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் இவர்கள். கேட்டால் முதல்வர் பதில் சொல்லாமல் "உங்கள் முடிவு என்ன?" என்று திருப்பிக் கேட்க வேண்டும், எடுத்த முடிவு சுமாராக இருந்தாலும் அதன் பின்னால் நிற்க வேண்டும். இரண்டாவது குவியலில் அதிகாரம் யாருக்கும் எழுதிக் கொடுக்கப்படாதவை: ப்யூரெட், ஆடிட்டோரியம், பிரேக் லைனிங், கட்டணத் திருப்பு. மூன்றாவது, உண்மையிலேயே முதல்வரிடம் வர வேண்டியவை. அது மிகச் சின்னக் குவியல்.

இரண்டாவது குவியலுக்கு அங்கேயே அதிகாரப் பகிர்வு ஆணையின் வரைவு எழுதினோம். நான்கு கலம்: விஷயம், முடிவெடுப்பவர், வரம்பு, பிறகு யாருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆய்வகச் சில்லறைக்குத் துறைத் தலைவர், மாதம் 3,000 ரூபாய்வரை, பில் மாதக் கடைசியில் கண்காணிப்பாளருக்கு. பேருந்துப் பழுதுக்குப் போக்குவரத்துப் பொறுப்பாளர், பிரேக், டயர், ஸ்டியரிங் என்றால் வரம்பே இல்லை, முதலில் வண்டியை நிறுத்து, பிறகு சொல். ஆடிட்டோரியத்துக்குக் கண்காணிப்பாளர், வகுப்பு நேரத்துக்கு வெளியே என்றால். தொகை அந்தந்தக் கல்லூரிக்கு ஏற்ப மாறும். 'யாருக்குத் தெரிவிக்க' என்ற கலத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாத ஆணை மூன்று மாதத்தில் ரத்தாகிவிடும்.

கூட்டக் குறிப்பிலும் இரண்டு வார்த்தைக்குத் தடை போட்டோம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "அனைவரும்", தேதி இருக்க வேண்டிய இடத்தில் "விரைவில்". ஒரு வேலைக்கு ஒரு பெயர், ஒரு தேதி. குறிப்பு 24 மணி நேரத்துக்குள் போக வேண்டும், இரண்டு பக்கத்துக்கு மிகக் கூடாது.

ஐ.க்யூ.ஏ.சி. ஒருங்கிணைப்பாளர் சேர்த்தது ஒன்று: எண் ஏடு. நாக் அறிக்கையில் ஏழு அளவுகோலுக்கு ஏழு பொறுப்பாளர், ஆளுக்கொரு மாணவர் எண்ணிக்கை. ஒருவர் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து எடுப்பார், ஒருவர் தேர்வுக் கட்டணப் பட்டியலிலிருந்து, ஒருவர் போன வருடக் கோப்பிலிருந்து. சரிபார்ப்பில் கேள்வி வந்து விழுவது இங்கேதான். ஆண்டுக்கு ஒரு தேதி குறித்து, அன்றைய மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் பட்டியல், அனுமதிக்கப்பட்ட இடங்கள் மூன்றையும் ஒரே ஏட்டில் எழுதிக் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டு வைத்தால், பிறகு யார் கேட்டாலும் அந்த ஏட்டிலிருந்து மட்டும்.

விமானத்துக்கு அழைக்கும் நேரத்தில் வரைவைக் கடைசியாக ஒரு முறை வாசித்தபோது தலைப்பு இடித்தது. "முதல்வர் வெளியூரில் இருக்கும் நாட்களில் அதிகாரப் பகிர்வு" என்று எழுதியிருந்தது. கண்காணிப்பாளர் பேனாவை வாங்கி முதல் நான்கு வார்த்தையை அடித்துவிட்டு, கீழே ஒன்பதாவது பிரிவாக ஒரு வரி எழுதினார்: "இவ்வாணை முதல்வர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களுக்கும் பொருந்தும்." திங்கட்கிழமை ஆட்சிக்குழுவுக்குப் போகிறது.